அண்ணன் இல்லாத போட்டோ

பெருங்களத்தூர்,
திங்கட்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான ஆரோன் அண்ணனுக்குத் தம்பி ஜோனத்தான் எழுதுவது. அவர் கிருபையால் இங்கே நாங்கள் நலம். என் சுகர், பிரஷர், மூட்டுவலி மூன்றும் என்னைவிட நலம். பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவன் எழுதுகிறானே என்று கிழித்துவிடாதீர்கள். எல்லாம் ஒரு இத்தாலிப் படத்தால் வந்தது.

நேற்று ஆராதனை முடிந்து, பிரியாணி சாப்பிட்ட கையோடு என் மகன் ஜேசன் அந்தப் படத்தை டி.வி.யில் போட்டான். மூன்றேகால் மணி நேரம், ஒரே குடும்பம், தலைமுறைக்கு ஒரு அடக்கம். அப்பன் செத்த அன்று அவன் நாற்காலியில் தம்பிக்காரன் உட்கார்ந்துவிடுகிறான். அண்ணன் சூட்கேஸோடு கிளம்பிவிடுகிறான். நம்ம அப்பா அடக்கத்தன்று நடந்ததும் இதுதானே அண்ணே? பெட்டியைச் சுற்றிக் குடும்பமாக நின்று போட்டோ எடுக்கும் நேரத்தில் நீங்கள் வாசலில் வண்டிக்கு ரிவர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பாஸ்டர் அவசரப்படுத்த, "எடுப்பா, எல்லாரும் வந்தாச்சு"ன்னு சொன்னவன் நான்தான். ஆல்பத்தைப் பார்த்துட்டு, "ஐஸ் பெட்டிக்காரன்கூட நிக்கிறான், பெத்த புள்ள நான் இல்லியாடா?"ன்னு கேட்டுட்டுப் போனவர்தான் நீங்க. சமாதானம் பண்றதா நெனச்சு, ஸ்டுடியோவுல சொல்லி அந்த போட்டோவுல உங்களையும் ஒட்டவெச்சு அனுப்பினேன். அந்தப் பாவி உங்க கல்யாண போட்டோவுலேர்ந்து எடுத்துட்டான். அப்பா தலைமாட்டுல கோட்டு போட்டுக்கிட்டு, பல்லெல்லாம் தெரிய நீங்க சிரிக்கிறீங்க. தப்பு என்னுதுதான் அண்ணே.

படத்தின் நடுவில் ஒரு நிமிஷம் கண்ணயர்ந்திருப்பேன், அவ்வளவுதான். கடைசியில் தம்பி செத்துப் பெட்டியில் கிடக்கிறான். அண்ணன் வருகிறான்! அதே மூக்கு, அதே நடை, தலையில் ஒரு நரை இல்லை. இத்தாலியில் நல்ல டை கிடைக்கும்போல. நெற்றியில் முத்தமிட்டுக் கதறுகிறான். நானும் கதறினேன். என் மனைவி கிறிஸ்டினா துண்டு கொண்டுவந்தாள்.

ஆகவே, படப்பையிலிருந்து முக்கால் மணி நேர பஸ்தான் என்றாலும் இப்போது வந்து சிரமப்பட வேண்டாம். கோபத்தை வெச்சுக்குங்க. என் அடக்கத்துக்கு வந்தால் போதும். நீங்க வர்ற வரைக்கும் போட்டோ எடுக்கக் கூடாதுன்னு ஜேசன்கிட்ட சொல்லிட்டேன்.

அண்ணிக்கு ஸ்தோத்திரம். கர்த்தர் உங்களுக்கு என்னைவிட ஒரு நாளாவது கூடுதல் ஆயுசு தரட்டும்.

அன்புத் தம்பி,
ஜோனத்தான்

பி.கு.: உறையை ஒட்டுமுன் கிறிஸ்டினாவிடம் வாசித்துக் காட்டினேன். "ஐயோ, நீங்க குறட்டை விடும்போதே அந்த அண்ணன் செத்துட்டாருங்க. கடைசியில வந்தது அவர் மகன். ரெண்டு வேஷமும் ஒரே ஆளு" என்கிறாள். அண்ணன் செத்த சேதிகூடத் தம்பிக்குப் போகலையாம். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். இதைத் தபாலில் போடவில்லை, நானே எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறேன். நீங்கள் படிக்கும்போது உங்க கேட்டுக்கு வெளியேதான் நிற்பேன். மூட்டுவலி, ரொம்ப நேரம் நிக்க முடியாது அண்ணே.