கேப்டன் கதவைத் தட்டியவன்

தே தாரிக் டீயில் சீனி குறைவாக வேண்டுமென்றால் ஓடர் எடுக்க வருபவரிடம் சொல்லக்கூடாது. நேராகப் போய்த் தண்ணி கலக்கும், அதாவது டீ போடும், அண்ணனிடம் சொல்ல வேண்டும். ஆறாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட எனக்கு, நான் வளர்ந்த பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரம் கற்றுக்கொடுத்த ஒரே பாடம் இதுதான். எந்த வேலையானாலும் தலையைப் பிடி. (இந்தத் தத்துவத்தால் ஒரு விமானத்தையே கவிழ்க்கப் பார்த்தேன். நல்லவேளை, அதுக்கு இறக்கை இல்ல.)

விமானச் சிப்பந்திகளை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறேன். அவர்களும் விமானிகளும் ஒன்றுசேர்ந்து வேலை செய்ய ஒரு பயிற்சி கொடுத்தார்கள். அது மண்டையில் ஏறியதா என்று பார்க்க ஒரு சோதனை. சுபாங் பக்கம் ஒரு கொட்டகைக்குள் இறக்கையில்லாத விமானம். பயணிகளாக நடிக்க வேன் டிரைவர்கள் நாங்கள். சோதிக்கப்பட்டவர்களில் என் மனைவியின் தங்கை கவிதாவும் ஒருத்தி. ஏற்கனவே ஒருமுறை கோட்டை விட்டவள். இதிலும் தவறினால் வேலை போய்விடும்.

“மாமா, என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க லா, ப்ளீஸ்.”

“நீ யாரும்மா?” என்றேன். (நடிப்பை அப்பவே ஆரம்பிச்சிட்டேன்.)

சோதனை நடத்திய மேடம், புவான் ரொஹானா, எனக்கு ஒரே ஒரு வசனம் கொடுத்தார்: “மிஸ், பின்னால டாய்லெட்ல புகை வாசம் வருது.” சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். சேதி கவிதாவிடமிருந்து சக சிப்பந்திக்கும், அங்கிருந்து கேப்டனுக்கும் சரியாகப் போகிறதா என்பதுதான் பரீட்சை.

சொன்னேன். கவிதா தலையாட்டிவிட்டுப் பின்பக்கம் போனாள்.

கேப்டன் முன்னால் இருக்கிறார், இவள் ஏன் பின்னால் போகிறாள்? மறந்துட்டா! வேலை போச்சு!

பெல்ட்டைக் கழற்றாமல் எழுந்ததால் பொத்தென்று திரும்ப உட்கார்ந்தேன். இரண்டாவது முயற்சியில் ஓடிப்போய், கடன்காரன் கேட்டைத் தட்டுவதுபோல் கேப்டன் கதவைத் தட்டினேன்.

“பாஸ்! பாஸ்! பின்னால பத்திக்கிட்டு எரியுது!”

(புகை எப்போ தீயாச்சுன்னு எனக்கே தெரியாது. வெறும் புகைன்னா எந்த பாஸ் கதவைத் திறப்பாரு?)

என்னைப் பார்த்து மற்ற டிரைவர்களும் எழுந்துவிட்டார்கள். கிள்ளான் சேகர் அண்ணன் தலைக்கு மேலிருந்த பெட்டியைத் திறந்து, தன் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து கேப்டன், “ஃபயரா? எங்க?” என்று ஆங்கிலத்தில் கத்தினார்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

“மாமா! உக்காருங்க!”

விமானமே உட்கார்ந்தது. சேகர் அண்ணன் பொட்டலத்தோடு உட்கார்ந்தார். கவிதா என் தோளை அமுக்கிப் பிடித்தபடி, சக சிப்பந்தியிடம் மலாயில் மளமளவென்று சொன்னாள்: “இவரை நான் பாத்துக்கிறேன். புகை மட்டும்தான், தீ இல்ல, நான் போய்ப் பாத்துட்டேன்னு கேப்டனுக்குச் சொல்லு.” அடுத்த நிமிடம் கேப்டனின் நிதானமான அறிவிப்பு வந்தது.

எல்லாம் முடிந்ததும் புவான் என்னிடம் வந்தார். “அவங்க உங்க சொந்தமா?”

“தெரியவே தெரியாது, புவான்.”

“இவ்வளவு குழப்பத்துக்கு நாங்க திட்டமே போடல. அதையும் சேர்ந்து சமாளிச்சாங்க. சிப்பந்திங்க எல்லாரும் பாஸ். பயணி மட்டும் ஃபெயில்.”

கவிதா இன்றும் பறக்கிறாள். அந்தச் சோதனையில் இப்போது ‘கதவைத் தட்டும் பயணி’ என்று ஒரு வேடமே சேர்த்திருக்கிறார்களாம். (அதுக்கும் என்னைக் கூப்பிடல. சேகர் அண்ணன்தான் நடிக்கிறாரு.)

நேற்றுகூட எங்கள் ஊர் மாமாக் டீக்கடையில், தண்ணி கலக்கும் அண்ணனைப் பார்க்க மெல்ல எழுந்தேன். மொத்தக் குடும்பமும், என்னைப் பெரியப்பா என்று கூப்பிட வேண்டிய கவிதாவின் மகள் உட்பட, ஒரே குரலில் கத்தியது:

“மாமா! உக்காருங்க!”

உட்கார்ந்தேன். தே தாரிக் பாயசமாக வந்தது. குடித்தேன்.