அன்றிரவு அங்கே இருந்தவர்

"அன்றிரவு அங்கே இருந்தவர்" என்றொரு ரகம் உண்டு. எங்கள் சிகாகோ தெற்குப் பக்கத்தில், முடிவெட்டும் கடை, சர்ச் வாசல், பொரித்த கெளுத்தி மீன் கடை, எங்கே தடுக்கி விழுந்தாலும் இவர் மேல்தான் விழ வேண்டும். ஆர்லிஸ் டாகெட் சாக்ஸபோனில் கடைசியாக ஜாஸ் வாசித்த இரவு, நீல லாந்தர் கிளப்பில், மேடைக்கு நேர் எதிரே இவர் உட்கார்ந்திருந்தாராம். கிளப்பில் மொத்தமே நாற்பது நாற்காலி. அங்கே இருந்தேன் என்று என்னிடம் சொன்னவர்களை உட்கார வைக்க பேஸ்பால் மைதானம் வேண்டும்.

எங்கள் வெர்னெல் ஆர்லிஸைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறாள். ஒலிப்பதிவு நான். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேஜையில் உட்கார்ந்ததற்காக அன்று போலீஸ் உள்ளே புகுந்தது. தட்டிக்கேட்ட ஆர்லிஸை மேடையிலேயே அடித்துக் கொன்றது. மாடிப்படியில் விழுந்து செத்தான் என்று எழுதி முடித்தது. பார்த்தேன் என்று கேமரா முன்னால் சொல்ல ஒரே ஒரு ஆள் வேண்டும். கிடைக்காவிட்டால் எங்கள் படத்திலும் அவன் படியில் விழுந்துதான் சாக வேண்டும்.

அந்த ரகத்தில் ஒருவரான திரு. கிளியோட்டிஸ் மேப்ரியை கேமரா முன்னால் உட்கார வைத்தோம். அடேயப்பா, என்ன ஞாபகசக்தி! வாசிப்புக்கு நடுவே ஆர்லிஸ் மூச்சிழுத்த இடம், டிரம்மர் குடித்த ஜின், பக்கத்து மேஜைப் பெண்ணின் செண்டு வாசனை வரைக்கும் சொன்னார்.

"போலீஸ் வந்தப்ப, அண்ணே?" என்று கேட்டாள் வெர்னெல்.

"அப்பப் பாத்து, தங்கச்சி, கக்கூஸுக்குப் போயிட்டேன்."

"நேத்து வந்த சர்ச் டீக்கனும் அங்கதான் இருந்தாராம். அதுக்கு முன்னாடி ரெண்டு பேரு. கிளப்ல கக்கூஸ் ஒண்ணுதானே அண்ணே?"

"கூட்டமாத்தான் இருந்துச்சு," என்றார் மேப்ரி.

வெர்னெல் சிரிக்கவில்லை. மேப்ரி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்த போலீஸ் சார்ஜென்ட்டு இப்ப கேப்டன், தெரியுமில்ல? என் மவன் அவன் ஏரியாவுலதான் டாக்ஸி ஓட்டுறான்."

"அடிச்சது சார்ஜென்ட்டுன்னு நான் சொல்லவே இல்லியே அண்ணே."

மேப்ரி எழுந்தார். "ஜாஸ் விஷயத்த மட்டும் போட்டுக்கம்மா. அரசியல் வேணாம்."

சார்ஜென்ட் பேச்சைப் படத்தில் சேர்க்கமாட்டேன் என்று வெர்னெலிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் படியிறங்கினார். அவர் மகனை நினைத்தால் எனக்கு அவரைத் திட்டவும் வாய் வரவில்லை. வெர்னெல் அடுத்த ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் ஊரிலும் ஏதோ ஒரு திருவிழாவில் ஒருவனைப் பலர் பார்க்க அடித்திருப்பார்கள். அந்தத் திருவிழாவில் யார் பாடினார், என்ன சாப்பிட்டீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கு நன்றாக நினைவிருக்கும். அது போதும், நாற்காலியை இப்படி இழுத்துப் போட்டு உட்காருங்கள். அடித்தவன் பேர் என்ன?