நிச்சயதார்த்தமும் மெயின் சுவிட்சும்

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணக்கூடாது என்று யாராவது எனக்குச் சின்ன வயதிலேயே சொல்லியிருந்தால், என் ஒரே மகளின் நிச்சயதார்த்தம் மாடிப்படியில் நடந்திருக்காது.

யாரும் சொல்லவில்லை. எண்ணத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும்வரை விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் இடி எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும் என்றார் ஏழாம் வகுப்பு அறிவியல் வாத்தியார். மற்ற பிள்ளைகள் அதைப் பரீட்சையோடு மறந்தார்கள். நான் பிடித்துக்கொண்டேன். பிறகு ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் முப்பத்தோரு வருடம் நட்டும் போல்ட்டும் எண்ணினேன். ஓய்வு பெற்றதும் எண்ணுவதற்கு யாரும் எதுவும் தராததால், கண்ணில் பட்டதையெல்லாம் எண்ண ஆரம்பித்தேன். மெயின் ரோட்டு வேகத்தடையில் குதிக்கிற கன்டெய்னர் லாரிகள், ஷிப்டுக்குப் போகிற கம்பெனி பஸ்கள், என் மனைவி வசந்தா ஒரு நாளைக்கு விடுகிற பெருமூச்சுகள். (கடைசிக் கணக்கு ஏறிக்கொண்டே போகிறது.)

சில வருடங்களுக்கு முன், கத்திரி வெயில் நேரத்தில், எங்கள் ரேவதிக்கு வரன் அமைந்தது. பையன் பெயர் சதீஷ், வாலாஜாபாத். அப்பா தணிகாசலம் அங்கே உரக்கடை வைத்திருக்கிறார். தங்கமான மனிதர். ஆனால் அந்த வீட்டில் அவர் பேச்சு எடுபடாது. தாயில்லாத சதீஷை வளர்த்து ஆளாக்கியவர் தணிகாசலத்தின் அக்கா அம்சவேணி அம்மாள். அவர் தலையசைத்தால்தான் எதுவும் நடக்கும். தரகர் என்னைத் தனியாக அழைத்துப்போய்க் காதில் சொன்னார்.

"சார், போன வருஷம் இதே பையனுக்கு வேற எடத்துல நிச்சயம். தட்டு மாத்தற நேரத்துல கரண்டு பூட்ச்சு. அந்தம்மா பட்டுனு எய்ந்து, செருப்ப மாட்டிக்கினு கெளம்பிட்ச்சு. அவ்ளோதான், சம்பந்தமே கட்டாயிட்ச்சு. பாத்துக்கோங்க."

எதைப் பார்த்துக்கொள்வது? கரண்டையா, வானத்தையா? இருபத்தொன்பது வயதுவரை எந்த வரனைப் பற்றியும் வாயைத் திறக்காத ரேவதி, சதீஷைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து ஷிப்டு முடிந்து வந்து பாத்திரம் கழுவும்போது பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாட்டு நின்றுவிடக் கூடாதே!

நிச்சயதார்த்தம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்று முடிவானது. மண்டபம் எதுவும் காலியில்லை. கீழே இரண்டு போர்ஷனிலும் தென்மாவட்டத்துக் கம்பெனிப் பையன்கள் வாடகைக்கு இருந்தார்கள். ஆகவே மொட்டைமாடியில் பந்தல் என்று நான்தான் சொன்னேன்.

"மழ வந்தா? நம்ம ஹால்லயே வெச்சிடலாங்க" என்றாள் வசந்தா.

"எண்பது பேர் வராங்க. ஹால்ல இருபத்திரண்டு பேர்தான் உக்காரலாம். எண்ணிட்டேன்."

"நீங்க எண்ணாம இருந்தா எல்லாரும் உக்காந்துடுவாங்க."

அந்த வாரம் வானத்துக்குப் புத்தி பேதலித்திருந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் புழுதிக்காற்று அடித்து, எதிர்வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை எங்கள் வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது. மறுநாள் ஒரு இலைகூட அசையவில்லை. புதன்கிழமை மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மட்டும் கொட்டோ கொட்டென்று கொட்டியது. இந்தப் பக்கம் நான் குடையை விரித்துக்கொண்டு வெயிலில் நின்றேன். வெள்ளிக்கிழமை இடி இடித்து, தெருமுனை டிரான்ஸ்பார்மர் 'டமார்' என்று வெடித்து, நாற்பது நிமிடம் தெருவே இருட்டானது. போனில் ஒரு ஆப் சூரியனைக் காட்டியது, இன்னொன்று மேகத்தைக் காட்டியது. சந்தேகம் தீர மூன்றாவதாக ஒன்றை இறக்கினேன். அது இரண்டையும் சேர்த்துக் காட்டியது.

எங்கள் பக்கம் கோடை மழை மேற்கேயிருந்துதான் வரும். சம்பந்தி வீட்டாரும் மேற்கேயிருந்துதான் வரவேண்டும். சனிக்கிழமை மட்டும் தணிகாசலத்துக்கு ஏழு முறை போன் செய்து அங்கே மேகம் இருக்கிறதா என்று கேட்டேன். ஏழாவது முறை அவர் கேட்டார்: "சம்பந்தி, நாளைக்கி நாங்க வரட்டுமா, இல்ல மேகத்த மட்டும் அனுப்பட்டுமா?"

ஞாயிற்றுக்கிழமை வானம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பந்தலின் இரும்புக் கம்பங்களைப் பார்க்கப் பார்க்க, ஒவ்வொன்றும் இடியைக் கைகாட்டிக் கூப்பிடுவது போலத் தோன்றியது. அவர்கள் வந்தார்கள். உட்கார்ந்தார்கள். பத்திரிகை வாசித்து முடித்தார்கள். தணிகாசலமும் வசந்தாவின் அண்ணனும் தட்டு மாற்ற எழுந்து நின்றார்கள். நான் தட்டைப் பார்க்கவில்லை. மாடிப்படிக் கதவருகே நின்று, பந்தலின் பக்கத்துணிக்கு மேலே தெரிந்த துண்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பளிச்.

நீல வெளிச்சம். ஒன்று, இரண்டு, மூன்று... எட்டில் 'தடதட' என்று சத்தம். மறுபடியும் பளிச். இந்த முறை ஐந்து. மூன்றாவது பளிச். ஒன்று, இரண்டு...

"தட்!"

இரண்டை மூன்றால் வகுத்தால் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. எண்பது பேர், இரும்புக் கம்பம், நடுவில் என் மகள்.

"இடி! இடி! எல்லாரும் கீழ ஓடுங்க!" என்று கத்திக்கொண்டே படியிறங்கிப் பாய்ந்து, மாடிப்படித் திருப்பத்தில் இருக்கும் மெயின் சுவிட்சை அணைத்தேன். (மின்னல் ஒயர் வழியாக இறங்கும் என்று எங்கோ படித்திருந்தேன்.)

அடுத்து நடந்தது எதையும் நான் பார்க்கவில்லை, கேட்டேன். தாம்பாளம் விழுகிற சத்தம். ஒரு தேங்காய் படிப்படியாக இறங்கி வந்து என் காலைத் தட்டி நின்றது. பின்னாலேயே ஜனம் அலறிக்கொண்டு இறங்கியது. இருட்டில் யாரோ என் வேட்டியை மிதித்தார்கள். பாதி வேட்டியோடு சுவிட்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது கீழேயிருந்து போன் வெளிச்சத்தோடு ஓர் ஆள் ஏறி வந்தான். பின்தெருவில் கிரில் பட்டறை வைத்திருக்கும் கஜா. விருந்துக்குக் கூப்பிட்டிருந்தேன்.

"கோச்சுக்காதண்ணே, லேட்டாயிட்ச்சு. ஒரு கேட்டு அர்ஜென்ட்டு. இம்மாம் நேரம் வெல்டிங் அட்ச்சுகினு இருந்தேன். இப்பதான் ஷட்டர எறக்கினேன். இன்னாண்ணே, எல்லாரும் இருட்ல நின்னுகினு கீறீங்க?"

அதே நேரம் மெயின் ரோட்டு வேகத்தடையில் ஒரு காலி கன்டெய்னர் லாரி ஏறி இறங்கியது. 'தட்.' அச்சு அசல் அதே இடி.

முதலில் சிரித்தது சதீஷ். பிறகு எண்பது பேரும். அம்சவேணி அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

"தட்டு மாத்தற நேரத்துல கரண்டு பூட்ச்சே" என்றார்.

சிரிப்பு அப்படியே நின்றது. தணிகாசலம் சட்டென்று குறுக்கே வந்தார். "பூடலக்கா! சம்பந்தி அணச்சிட்டாரு. பாரு, கை இன்னும் சுவிட்ச் மேலயே கீது."

அம்சவேணி அம்மாள் கஜாவின் போனை வாங்கி என் கைமேல் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பிறகு என் முகத்தில். பிறகு என் வேட்டி இருந்திருக்க வேண்டிய இடத்தில்.

"தானா பூட்டாதான் சகுனம். மனுசன் அணச்சா அது சகுனத்துல சேராது" என்றார். "கிறுக்குல சேரும். சுவிட்ச போடு."

போட்டேன். உருண்ட தேங்காய்களைப் பொறுக்கித் தட்டை மறுபடி அடுக்க வேண்டியிருந்ததால், சாப்பிட்டுவிட்டு மாற்றலாம், நல்ல நேரம் ஒன்பது வரைக்கும் இருக்கிறது என்று முடிவாயிற்று. எல்லோரும் மறுபடி மாடிக்கு ஏறினார்கள். இலை போட்டார்கள். என்னைத் தாண்டிப் போன ஒவ்வொருவரும் "இடி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் பாயசம் பரிமாறினேன். ஒரு கரண்டிகூட எண்ணவில்லை. அன்றைக்கு அவ்வளவு ஒடுங்கிப்போயிருந்தேன்.

கஜாவின் டம்ளரில் ஊற்றிக்கொண்டிருக்கும்போது, பளிச்.

வெல்டிங் என்று நினைத்துச் சமாதானமானேன். அடுத்த விநாடி கஜாவைப் பார்த்தேன். அவன் என் எதிரே உட்கார்ந்து அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தான்.

"கஜா, பட்டறைல யாராவது இருக்காங்களா?"

"யாருண்ணே கீறாங்க? சாவி இதோ இடுப்புல கீது."

பன்னிரண்டில் ஒரு முனகல் கேட்டது. வேகத்தடைப் பக்கமிருந்து அல்ல, மேற்கேயிருந்து. நான் தணிகாசலத்தின் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னேன். "சம்பந்தி, மின்னல்."

"உக்காருங்க சம்பந்தி. வெல்டிங்கு" என்றார் அவர் சத்தமாக. பந்தியே சிரித்தது. "எங்க ஊரத் தாண்டித்தான மழ வரணும்? அங்க ஒரு பொட்டு மேகமில்ல."

மறுபடியும் பளிச். ஒன்பது. யாரிடம் சொல்வது? சொன்னால் கிறுக்கு. சொல்லாவிட்டால் இந்த எண்பது பேர் இரும்புக் கம்பத்தின் கீழ் மோர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். இன்னொரு பளிச். என் உதடு அசைவதைப் பந்தியின் மறுகோடியிலிருந்து ரேவதி பார்த்துவிட்டாள். எழுந்து வந்தாள்.

"எத்தனப்பா?"

"ஆறு."

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. தாம்பாளத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு படியை நோக்கி நடந்தாள். பெண்ணே தட்டோடு கிளம்புவதைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. கஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"யோவ், வெல்டிங் அடிக்கிற நானே இங்க குந்திகினு கீறேன்! அது நெஜம்யா!"

இந்த முறை நான் கத்த வேண்டியிருக்கவில்லை. கடைசி ஆள் கதவைத் தாண்டியதும் காற்று வந்தது. பந்தல் ஒரு முறை மூச்சை இழுத்தது, பிறகு நாலு கம்பத்தோடு கிளம்பிப் பக்கத்து மனையில் போய் உட்கார்ந்தது. கதவைச் சாத்தினோம். மழை கதவில் அறைந்தது.

ஹாலில் இருபத்திரண்டு பேர் உட்காரலாம் என்றேனல்லவா? நாற்பது பேர் நின்றார்கள். மீதிப் பேர் படியில். ஒன்பது மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. இடமில்லாததால் படித் திருப்பத்திலேயே தட்டு மாற்றுவது என்றார்கள். அதாவது மெயின் சுவிட்சுக்குக் கீழே. நான் சுவிட்சோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். தணிகாசலம் தட்டை நீட்டினார். வசந்தாவின் அண்ணன் கையை நீட்டினார்.

தெருமுனையில் 'டமார்'.

கும்மிருட்டு.

டிரான்ஸ்பார்மர். இருட்டில், மேல்படியில் உட்கார்ந்திருந்த அம்சவேணி அம்மாளின் வளையல் சத்தம் கேட்டது. எழுந்திருக்கிறார். செருப்பைத் தேடுகிறார். எனக்குப் பக்கத்தில் ரேவதி நின்றிருந்தாள். அவள் கை என் கையைத் தேடிப் பிடித்தது.

"நான்தான்!" என்று கத்தினேன். "நான்தான் அணச்சேன்! இடி ரொம்பக் கிட்ட வந்துடுச்சு!"

வளையல் சத்தம் நின்றது.

"இந்த மனுசனுக்கு வேற வேலையே இல்லியா?" என்றார் அம்சவேணி அம்மாள். "போனப் புடிங்க. தட்ட மாத்துங்க, நேரமாவுது."

போன் வெளிச்சத்தில் தட்டு மாறியது. கீழ்ப்படியிலிருந்து கஜா, "அண்ணே, தெருவுலயே கரண்டு இல்" என்று ஆரம்பித்தான். வாக்கியம் முடியவில்லை. முழு லட்டு ஒன்றை அவன் வாயில் திணித்ததாக வசந்தா பிறகு சொன்னாள்.

"அதான் மாத்தியாச்சே. இப்பவாவது சுவிட்ச போடுய்யா" என்றார் அம்சவேணி அம்மாள்.

எதைப் போடுவது? அது போட்டபடிதான் இருந்தது. "இடி நிக்கறவரைக்கும் போட மாட்டேன்" என்றேன். கெஞ்சினார்கள், திட்டினார்கள். ஒரு மாமா என்னைத் தள்ளிவிட்டுத் தானே போடப் பார்த்தார். இரண்டு கையாலும் போர்டை அணைத்துக்கொண்டு நின்றேன். எண்பது பேரின் வியர்வையும் சாபமும் என் தலையில். ரேவதி என் முழங்கையைப் பிடித்தபடி நின்றாள். அவள் தோள் குலுங்குவது தெரிந்தது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

விளக்கு திடீரென்று எரிந்தது. "போட்டுட்டேன்" என்றேன். அரை விநாடி தாமதமாகச் சொல்லிவிட்டேன். அந்த அரை விநாடியை ஒரே ஒருவர் கவனித்தார். தணிகாசலம் என் கையைப் பார்த்தார், சுவிட்சைப் பார்த்தார், தன் அக்காவைப் பார்த்தார். பிறகு மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டு இருமினார்.

ஜன்னலில்லாத ஏசி மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. அம்சவேணி அம்மாளின் உத்தரவுப்படி, மண்டபத்து மெயின் போர்டின் முன்னால் இரண்டு வாட்டசாட்டமான பையன்களை நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். நான் அந்தப் பக்கம் கை கழுவப் போனபோதும் எழுந்து நின்றார்கள். கல்யாண ஆல்பத்தில் அவர்களுக்கென்று ஒரு முழுப்பக்கம் இருக்கிறது. இன்றுவரை அந்த அம்மாளுக்கு நான் மருமகளைப் பெற்ற கிறுக்கன்தான்.

வாலாஜாபாத்தில் கரண்டு போகும்போதெல்லாம், நள்ளிரவானாலும் சரி, என் போன் அடிக்கிறது. எதிர்முனையில் தணிகாசலம். பின்னணியில் அக்காவின் குரலும் கேட்கும்.

"சம்பந்தி, நீங்களா?"

"நான்தான்" என்கிறேன்.