மீசையை எடுத்தும் ஏற முடியாத விமானம்

கோவை விமான நிலையத்திலிருந்து அவிநாசி சாலைக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்து போகிறவர்களை நீங்கள் அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள். ஊருக்கு வருகிறவர்கள் காரில் போவார்கள். வெளிநாடு போகிறவர்கள் வானத்தில் போவார்கள். நான் வானத்தில் போவதாகச் சொல்லிவிட்டு வந்து, தரையில் போய்க்கொண்டிருந்தேன்.

தலைக்கு மேலே சார்ஜா விமானம் பறந்தது. (அது சார்ஜா விமானம்தானா என்று தெரியாது. அன்றைக்குக் காக்கை பறந்திருந்தாலும் அது சார்ஜாவுக்குத்தான் போகிறது என்று நினைத்திருப்பேன்.) பெட்டியில் ஒரு சக்கரம் சுற்றவில்லை. உள்ளே அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப்பொடியும் எள்ளுருண்டையும். சட்டைப்பையில் பாஸ்போர்ட். பாஸ்போர்ட்டில் இருந்த ஆளுக்கு நல்ல மீசை. அதைச் சுமந்து நடந்தவனுக்கு மீசை இல்லை. அந்த மீசை போன கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

எனக்குக் கொரோனா வந்தது ஒரே ஒரு தடவை. பாசிட்டிவ் என்று முடிவு வந்ததோ, நான் போகிற இடமெல்லாம்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். திருப்பூரில் பனியன் மடித்திருக்கிறேன், கிணத்துக்கடவில் தேங்காய் உரித்திருக்கிறேன், போர்வெல் லாரியோடு ஆந்திரா வரை போயிருக்கிறேன். எந்த ஊரிலும் இரண்டாவது பொங்கல் வைத்ததில்லை. நோய் வந்தபோது சூலூரில் ஒரு விசைத்தறிக் கொட்டகையில் நூல் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். கொட்டகைக்குப் பின்னால் இருந்த அறையில் போட்டார்கள். சோற்றுப் போசியைக் குச்சியால் தள்ளிவிடுவார்கள். கொஞ்ச நாள் மூக்குக்கு வாசனை தெரியவில்லை, கால்கள் சொன்னபடி கேட்கவில்லை. பிறகு சரியாகிவிட்டது. அவ்வளவுதான்.

எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு சார்ஜாவில் ஒரு கிடங்கில் சாமான் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டும் வேலை கிடைத்தது. தங்க இடம், விசா, டிக்கெட் எல்லாம் அவர்களே தருவார்கள். ஊர் ஊராகத் திரிந்தவன் கடைசியாக ஒரு இடத்தில் நிற்கப் போகிறான் என்று அம்மா கோவை கணபதியில் எங்கள் லைன் வீடு முழுக்கச் சொல்லிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை. விமானம் ஏறும்போது கொரோனா இல்லை என்று காட்ட வேண்டும்.

அதற்கென்ன, எனக்குத்தான் போய்விட்டதே என்று லேப்பில் போய் உட்கார்ந்தேன். கவிதா என்ற பெண் மூளை வரைக்கும் குச்சியை விட்டு எடுத்தாள்.

வீட்டில் அதற்குள் வழியனுப்பும் விருந்து. நல்ல நாள் முடிவுக்காகக் காத்திருக்காது என்று மாமா சொல்லிவிட்டார். (தங்கராசு மாமா, அம்மாவின் தம்பி, சரவணம்பட்டியில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். பாத்திரம் தவிர மற்ற எல்லா விஷயங்களையும் அறிந்தவர்.) கறிக்குழம்பை ஊற்றிக்கொண்டிருக்கும்போது போனில் முடிவு வந்தது. பாசிட்டிவ். என்னைச் சுற்றி இருந்த இலைகள் எல்லாம் நகர்ந்து நகர்ந்து வாசலுக்குப் போய்விட்டன. ஒருவரும் கறியை விட்டுவிட்டுப் போகவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

லேப்பை நடத்தும் டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவர் சிரித்தார்.

"உங்களுக்கு நோய் போயி ரொம்ப நாளாச்சுங்க. உங்களால யாருக்கும் ஒண்ணும் ஆகாது. கல்யாணம் முடிஞ்சு பந்தலைப் பிரிச்சாச்சு. கீழ கெடக்கற எச்சிலையப் பாத்துப்போட்டு மிஷினு இன்னும் பந்தி நடக்குதுன்னு சொல்லுது."

"அதை நீங்க சார்ஜாக்காரங்ககிட்டச் சொல்லுங்களேன்" என்றேன்.

"அவங்க மிஷினைத்தானுங்க நம்புவாங்க."

கம்பெனி ஏஜெண்டு பயணத்தைத் தள்ளிவைத்தார். மறுபடி விருந்து, மறுபடி குச்சி, மறுபடி எச்சிலை. நல்ல நேரத்தில் வாசலைத் தாண்டி லேப்புக்கு ஓடியவன் பயணம் போகாமல் அதே வாசலுக்குத் திரும்பினால் பயணம் கெட்டுப்போகும், அதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார் அம்மா. மாமா வேறொன்றைக் கண்டுபிடித்தார்.

"மூக்குக்குக் கீழ என்ன இருக்குது? மீசை. உள்ள போறது வாரது எல்லாம் அது வழியாத்தான். பூரா அங்கதான் ஒட்டியிருக்கும் கண்ணு. எடுத்துப்போடு."

இப்போது கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு அன்றைக்கு அது விஞ்ஞானமாகப் பட்டது. ஆவி பிடித்து, மிளகு ரசம் குடித்து, உப்புத் தண்ணீர் கொப்பளித்து, கடைசியில் பதினெட்டு வயதிலிருந்து வளர்த்த மீசையையும் எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் ஓடிவந்தவன் மாதிரி இருந்தேன். ஏஜெண்டு இதுதான் கடைசி வாய்ப்பு, இந்த விமானத்தை விட்டால் அடுத்த ஆளை ஏற்றிவிடுவோம் என்று சொல்லியிருந்தார்.

லேப்பில் முடிவு வந்தது. இல்லை! கொரோனா இல்லை! மாமா தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி, மீசையை எடுக்கச் சொன்னது யார் என்று கேட்டார்.

இந்த முறை அம்மா எந்த ஓட்டையும் விடவில்லை. பரஸ்தானம் வைத்தார். அதாவது, விமானத்துக்கு நேரம் இருந்தாலும் நல்ல நேரத்திலேயே பெட்டியோடு வீட்டைவிட்டுக் கிளம்பி இன்னொரு வீட்டில் போய்த் தங்கிக்கொள்வது. அப்புறம் அங்கிருந்துதான் பயணம். நம் வீட்டுப் பக்கம் திரும்பக்கூடாது. எனக்கு அந்த இன்னொரு வீடு பக்கத்துக் கதவு, ஸ்டெல்லா அக்காவின் வீடு. தையல்காரர், தனியாக இருப்பவர். அக்கா என் பெட்டியை மாதா படத்துக்கு அடியில் வைத்து மெழுகுவத்தி ஏற்றினார். அம்மா வெளியே நின்று கற்பூரம் காட்டினார். இரண்டு பக்கமும் சொல்லிவைத்தாயிற்று.

முதல் விருந்தில், முடிவு வருகிறவரைக்கும் லைன் வீடே அழுதது. இந்த முறை மாமா காரை எடுக்கும்போது அம்மா சன்னல் அருகே வந்து மெதுவாகக் கேட்டார்.

"போயிட்டு வா கண்ணு. எதுக்கும் ராத்திரிக்கு உனக்கும் சேத்து அரிசி போடட்டுமா?"

விமான நிலையத்தில் கவுன்ட்டர் பெண் பாஸ்போர்ட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். விரலை மூக்குக்குக் கீழே வைத்து மீசை மாதிரிக் காட்டினேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அதிலிருந்து தப்பித்து உள்ளே போனால், ஏறுவதற்கு முன் அங்கேயே இன்னொரு பரிசோதனை. அவர்களுடைய மிஷின் எங்கள் லேப் மிஷினைவிடக் கெட்டிக்காரி போலிருக்கிறது. எங்கேயோ மூலையில் கிடந்த ஒரு எச்சிலையைத் தேடி எடுத்துவிட்டது.

வெளியே வந்து மாமாவுக்குப் போன் போட்டேன்.

"மாமா, மறுபடி வந்துருச்சுங்க."

"அடடா. நான் ஊட்டுக்கே வந்துட்டேனே கண்ணு" என்றார் மாமா. அவருடைய கார் எனக்கு எதிரே, வெளியேறும் தடுப்புக்கு முன்னால், வரிசையில் மூன்றாவதாக நின்றுகொண்டிருந்தது. முன்னால் கட்டிய எலுமிச்சம்பழம்கூடத் தெரிந்தது.

ஆட்டோக்காரரிடம் விஷயத்தைச் சொல்லாமல் ஏற மனமில்லை. சொன்னால் அவர் ஏற்ற மாட்டார். நடப்பது எனக்குப் புதிதும் இல்லை. ஹோப்ஸ் நிறுத்தம் வந்து, ஆவாரம்பாளையம் தாண்டி, கணபதி போய்ச் சேர்ந்தேன். வழியில் ஏஜெண்டு போன் செய்தார். அடுத்த ஆளை எடுத்தாயிற்று என்றார். நல்ல மனிதர், அதையும் மரியாதையாகத்தான் சொன்னார்.

வாசலில் அம்மா கையை நீட்டி நிறுத்தினார்.

"உள்ள வந்தராத கண்ணு. நீ இன்னும் பயணத்துல இருக்கற."

அப்படியே ஸ்டெல்லா அக்கா வீட்டுக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் அம்மா பின்பக்க மதிலுக்கு மேலாகச் சோற்றை நீட்டினார். சரியாக எனக்கும் சேர்த்துத்தான் அரிசி போட்டிருந்தார். பரிமாறிக்கொண்டே ஸ்டெல்லா அக்கா முகத்தில் சிரிப்பில்லாமல் கேட்டார்.

"வெளிநாட்டுச் சாப்பாடெல்லாம் ஒத்துக்குதுங்களா தம்பி?"

மதிலுக்கு அந்தப் பக்கம் அம்மா முதலில் சிரித்தார். அதற்கப்புறம்தான் எனக்கும் சிரிப்பு வந்தது. வேலை போய்விட்டது என்று அந்தச் சிரிப்போடு சேர்த்தே சொல்லிவிட்டேன். அம்மா குழம்பு இன்னும் வேணுமா என்று கேட்டார்.

மறுநாள் காலையில் லேப்புக்குச் சண்டை போடப் போனேன். அங்கே சண்டைக்கு இடமில்லை, அவ்வளவு கூட்டம். வீடு வீடாகப் போய்ச் சாம்பிள் பெட்டி தூக்கும் ஆள் பயந்து வேலையை விட்டு நின்றுவிட்டானாம். டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

"வண்டி ஓட்டுவீங்களா?"

"போர்க்லிப்ட்டே ஓட்டுவனுங்க."

"ஒருக்கா நோய் வந்துபோன ஆளுதானுங்க எனக்கு வேணும். ஏரோப்ளேன்காரன் வேண்டாம்னா என்ன, நான் ஏத்திக்கறேன்."

அந்த லேப்பில் நான் பல பொங்கல் வைத்துவிட்டேன். பெட்டி இன்னும் ஸ்டெல்லா அக்கா வீட்டு பீரோமேல்தான் இருக்கிறது. பயணம் கெடக்கூடாது என்று அம்மா அதை எடுக்க விடுவதில்லை. நான் கடைக்குக் கிளம்பினால்கூட, எனக்கும் சேர்த்து அரிசி போடட்டுமா என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். ஆனால் எங்கள் குடும்ப விசேஷங்களில் அதிகம் சொல்லப்படுவது, வேலையில் சேர்ந்த அன்றைக்கே நான் முதன்முதலில் சாம்பிள் பெட்டி தூக்கிப்போன வீட்டின் கதைதான்.

அது சரவணம்பட்டியில் ஒரு பாத்திரக் கடைக்காரர் வீடு. கொரோனா உள்ள ஒருவனோடு காரில் போய்விட்டேன், உடனே வாருங்கள் என்று அவர் லேப்புக்குப் போன் மேல் போன் போட்டிருந்தார். நான் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, அதற்குமேல் கண்ணாடித்தாள். மாமாவுக்கு அடையாளம் தெரியவில்லை. நாற்காலியில் கண்ணை மூடி, சாமி கும்பிடுகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். கவிதா குச்சியைப் பிரித்தாள்.

நான் குரலை மாற்றிக்கொண்டு சொன்னேன்.

"ஏனுங்க, மீசை வெச்சிருக்கறீங்களே. பூரா அங்கதானுங்க ஒட்டியிருக்கும்."

மாமாவின் கை மீசைக்குப் போனது. கடைத்தெருவே மதிக்கிற மீசை அது.

"எடுக்கோணுங்களா?" என்றார், மீசையிலிருந்து கையை எடுக்காமல்.

நான் முகமூடிக்குள் உதட்டைக் கடித்துக்கொண்டேன். வாயைத் திறந்திருந்தால் சிரித்திருப்பேன். அவர் கண்ணைத் திறந்து என் கண்களை நெடுநேரம் பார்த்தார். மெல்ல மெல்ல அவர் முகம் மாறியது.

"அட, நீயா கண்ணு. வேலை கெடச்சிருச்சா?"

"இன்னைக்குக் காலைலதானுங்க மாமா."