சாட்சிகளுக்கு நான் எடுத்த வகுப்பு

எனக்கு ஒரு வியாதி உண்டு. இரண்டு பேர் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், அவர்களுக்குப் பாடம் நடத்தத் தொடங்கிவிடுவேன். சாந்தோமில் வாத்தியாராக இருந்தபோது இந்த வியாதி முற்றி, கோர்ட்டு வரைக்கும் இழுத்துக்கொண்டு போயிற்று.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் ஆரம்பம் அது. கல்யாணமாகி இரண்டு வருஷம். என் மனைவி தெரேசா தன் தங்க வளையல் இரண்டையும் அடகு வைக்கக் கழற்றிக் கொடுத்த பிறகுதான் முன்னறையின் ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டோம். மேஸ்திரி சுண்ணாம்பைக் கண்ணில் காட்டிவிட்டு மணலாகவே கொட்டியிருக்கிறான்! பதினைந்தாம் நாள் மழையில் ஏழு இடத்தில் ஒழுகியது. கூப்பிட்டால் வரவும் மாட்டேன் என்றான். சில்லறை வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் காஸ் கோர்ட்டில் பிராது போட்டேன். ஜெயித்தால் வளையல் திரும்பிவிடும்.

"ஒரு வக்கீல் வச்சுக்கலாமே மச்சான்" என்றான் என் மைத்துனன் சூசை.

"நாற்பது பையன்களை மேய்க்கிறவனுக்கு ஒரு ஜட்ஜைச் சமாளிக்கத் தெரியாதா?" என்றேன். (திமிர்தான், வேறென்ன!)

சாட்சி இரண்டு பேர். ஒருவன் சூசை. இன்னொருத்தி, குப்பத்திலிருந்து தினம் மீன் கொண்டுவரும் அந்தோணியம்மாள். அன்று மழைக்கு எங்கள் முன்னறையில் ஒதுங்கி, தெருவில் நின்றிருந்தால் நனைந்திருப்பதைவிட அதிகமாக நனைந்தவள். இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்?

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஞானோபதேச வகுப்பு மாதிரி கேள்வியும் பதிலுமாக எழுதி, ஒரு வாரம் இருவரையும் உட்கார வைத்து உருப்போட வைத்தேன். கேள்வியை நான் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் அந்தோணியம்மாள் குழம்பினாள்.

"இன்னா வாத்தியாரே, ஒவ்வொரு தபாவும் ஒவ்வொரு மாதிரி கேக்குற?"

"கேள்வியை விடு. பதிலை மட்டும் வரிசையாகப் பிடித்துக்கொள். இரண்டாவது பதில் முடிந்ததும் கொஞ்சம் இருமு. ஈரத்தில் நின்று சளி பிடித்த மாதிரி இருக்கும்."

தெரேசா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, பாத்ததை அவங்களே சொல்லட்டுமே?"

"கோர்ட்டு விஷயம் உனக்கென்ன தெரியும்?" என்று அடக்கிவிட்டேன்.

விசாரணை நாளன்று நாலு பேரும் டிராம் ஏறினோம். எனக்கு இருந்த குஷியில் டிராமுக்கு முன்னால் ஓடியே போயிருப்பேன். மேஸ்திரி தனியாக, வெற்றிலை மென்றபடி நின்றிருந்தான். பாவம், தொலைந்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் அந்தோணியம்மாள் கூண்டேறினாள். சத்தியம் செய்தாள். ஜட்ஜ் அன்பாகவே கேட்டார்:

"உன் பேர் என்னம்மா?"

"ஏழு எடத்துல ஒழுவுச்சு சாமி!"

எனக்குப் பகீரென்றது. கோர்ட்டில் முதலில் பெயர் கேட்பார்கள் என்பதை இந்த மகா மேதை யோசிக்கவே இல்லை.

"வயசு?"

"பதினஞ்சே நாளு சாமி!" லொக், லொக்.

"என்னம்மா விற்கிறாய்?"

"பாதிக்கு மேல மண்ணு!"

கோர்ட்டே குலுங்கியது. நான் கையை ஆட்டினேன், கண்ணை உருட்டினேன். அவளோ, நான் பாராட்டுகிறேன் என்று நினைத்து இன்னும் குரலை உயர்த்தினாள்.

"புருஷன் இருக்கிறாரா?"

"என் ரெண்டு கண்ணால பாத்தேன்!"

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "அது சரி, நடுவில் எதற்கு இருமினாய்?"

"ரெண்டாவது பதிலுக்கு அப்பால வாத்தியார்தான் இருமச் சொன்னாரு."

போயிற்று. அடுத்து வந்த சூசையாவது காப்பாற்றுவான் என்று பார்த்தால், பயத்தில் தன் பெயரைச் சொல்வதற்கு முன்பே இருமினான். சொல்லிக் கொடுத்த சாட்சி என்று பிராதைத் தள்ளிவிட்டார்கள். ஒழுகியது அத்தனையும் நிஜம். நிஜத்தைப் பொய்யாக்க நான் ஒருத்தன் போதுமாயிருந்தது.

திரும்பும் டிராமில் தெரேசா எனக்கு எதிரே உட்கார்ந்தாள். வெறும் கையைப் பார்த்தபடி இருந்தாள். எனக்கு அழுகை வந்தது. மயிலாப்பூர் வந்ததும், "பாதிக்கு மேல மண்ணு" என்று முணுமுணுத்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவள், வீடு வரைக்கும் நிறுத்தவில்லை. வளையல் மட்டும் திரும்பவே இல்லை.

வெகுகாலம் கழித்து எங்கள் மகளுக்குக் கல்யாணம். மாதா கோயில் பீடத்தின் முன்னே சாமியார், "உனக்குச் சம்மதமா?" என்று கேட்டார். வெட்கத்தில் மகள் வாய் திறக்கவில்லை. தெரேசா பின்னாலிருந்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"நீயா சொல்லும்மா. அப்பா எதாவது சொல்லிக் குடுத்திருந்தா, அதை மட்டும் சொல்லிடாதே!"