மடாலயத்தில் மைசூர்பாகு

சர்க்கரை நோய் வந்ததிலிருந்து பாஸ்கரன் வீட்டில் இனிப்பு என்ற பேச்சே இல்லை. மனைவி மரகதம் அப்படிக் காவல் காத்தாள். எறும்பு போகிற வழியை ஏக்கத்தோடு பார்க்கிற நிலைமைக்கு வந்துவிட்டார், பாவம்.

அவர்கள் குடியிருக்கும் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரைச் சுற்றிப் பார்க்கத் திருச்சியிலிருந்து மச்சினி பாக்யலட்சுமி வந்திருந்தாள். டவர், எரிமலை மேடு, கடற்கரை எல்லாம் காட்டியாகிவிட்டது. அப்போதுதான் அவர் மூளையில் பளிச்சென்று ஒரு திட்டம் உதித்தது.

"நாளைக்கு புத்த மடாலயம் போலாம். பிக்குகளுக்கு மைசூர்பாகு வாங்கிட்டுப் போறேன். பெரிய புண்ணியம்!"

"அத்தானுக்கு இவ்வளவு பக்தியா!" என்றாள் பாக்யலட்சுமி.

மரகதம் ஏமாறவில்லை. "அவங்க சாப்பிட்டது போக மிச்சம்?"

"வந்தவங்க சாப்பிடலாம். பிரசாதம் மரகதம்! வேண்டாம்னு சொன்னா தெய்வக் குத்தம்."

"சொல்லக் கூடாதுதான்."

அவள் இவ்வளவு சுலபமாக இறங்கி வந்ததே கிடையாது. பாஸ்கரன் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டார்.

காலையில் மரகதம் பெரிய எவர்சில்வர் தூக்கு ஒன்றை டிக்கியில் ஏற்றினாள். "நானும் கொஞ்சம் புண்ணியம் தேடிக்கிறேனே." வழியில் ஒடாஹுஹு கடைத்தெருவில் அவர் ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டார்.

மடாலயத்தில் நாலே பிக்குகள். பெரியவர் ஒரு துண்டு எடுத்தார். மற்றவர்கள் புன்னகையோடு வேண்டாமென்றார்கள். அந்தத் துறவைப் பார்த்து பாஸ்கரனுக்குக் கண் கலங்கியது. கண்ணை மூடாமல் டப்பாவைப் பார்த்தபடியே தியானம் செய்தார்.

பிக்குகள் சாப்பிட்டு முடித்ததும் தட்டோடு முதல் ஆளாகக் கிளம்பினார். அதற்குள் வந்திருந்தவர்களின் வரிசை அவருக்கு முன்னால் நீண்டுவிட்டது. பரிமாறும் மேஜைக்குப் பின்னால், கரண்டியும் கையுமாக, மரகதம்!

"பரிமாற ஆள் பத்தலையாம். நான் நின்னுட்டேன்."

முன்னால் நின்ற ஒவ்வொருவர் தட்டிலும் மைசூர்பாகு விழுந்தது. ஒரு வெள்ளைக்காரப் பையன் இரண்டாவது துண்டு கேட்டு வாங்கினான். பாஸ்கரனின் முறை வந்தது. கரண்டி தூக்குக்குள் போய், தட்டில் குவியலாகக் கவிழ்ந்தது.

"ஐயோ, பாகற்காய்!"

"பிக்குகளுக்குப் படைச்சதுங்க. பிரசாதத்தை வேண்டாம்னு சொல்லலாமா?"

"அந்த மைசூர்பாகு..."

"அதுவும் பிரசாதம்தான்." நகக்கண் அளவு கிள்ளி அவர் வாயில் வைத்தாள். குரல் தழைந்தது. "நீங்க நல்லா இருக்கணும்ங்க. இந்த ஊர்ல உங்களை விட்டா எனக்கு யாரு?"

பாஸ்கரனுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. பாகற்காயை ஒரு துண்டு மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.

திரும்பும்போது தூக்கை அவர்தான் டிக்கியில் வைத்தார்.

"என்ன மரகதம், இன்னும் கனக்குது?"

"பிரசாதம்ங்க. புதன்கிழமை வரைக்கும் வரும்."