நிழல் வேண்டும், மரம் வேண்டாம்

வெக்கையை ஒழிக்கவென்றே பிறந்த ஓர் இனம் நம்மிடையே உண்டு, வாசகரே. கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் எந்த ஒழுங்கையிலும், எந்த அடுக்குமாடியின் கூட்டத்திலும், விசிறிக்கு நேர்கீழே கிடக்கும் கதிரையில் அதைக் காணலாம். எங்கள் ஒழுங்கையில் அதற்குப் பெயர் சிவக்கொழுந்தர். ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர், குடியிருப்பாளர் சங்கத் தலைவர்.

மாநகரசபை வெக்கை தணிக்கும் திட்டமொன்றை அறிவித்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சா? பூசத்தான் வேண்டும், அவருடைய கண் கூசாத வெள்ளையாக. முற்றத்துச் சீமெந்தைக் கிளப்பி மண்தரை விடவேண்டுமா? கட்டாயம், அவருடைய காரில் சேறு படாத மூலையில். ஒழுங்கையெங்கும் மரமா? இந்த நகரம் பிழைக்க அது ஒன்றுதான் வழி என்று சங்கக் கூட்டத்தில் முழங்கி, கைதட்டு வாங்கி, தேத்தண்ணி குடித்து, கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு சின்னத் திருத்தம் கொண்டுவந்தார். எங்கள் அடுக்குமாடி வாசலில் ஏற்கனவே நிற்கும் நாவல் மரத்தை மட்டும் வெட்டிவிட வேண்டும். அது கார்மேல் பழம் போடுகிறது.

இதை இப்படியே சொல்வாரா? மூச்சு விடமாட்டார். இந்த இனம் பொதுநலம்தான் பேசும்.

"இலை விழுந்து மழைத்தண்ணி ஓடுற பீலி அடைச்சுத் தண்ணி நிக்குது. டெங்கு, பிள்ளை, டெங்கு!"

முதலாம் மாடி றேணுகா கதிரையை விட்டு எழுந்தாள். அவளுடைய அறையில் ஏசி கிடையாது. கைக்குழந்தைக்கோ உடம்பெல்லாம் வேர்க்குரு. மத்தியானத்தில் அந்த மரத்து நிழல் ஜன்னலில் விழுந்தால்தான் அது கண் மூடும்.

"அங்கிள், பீலியை நான் துப்புரவாக்கிறன். மரத்தை வெட்டினா என்ர பிள்ளை எப்பிடி நித்திரை கொள்ளும்?"

"உங்கட பிள்ளைக்காகத்தானே நான் கத்துறன்!"

அடடா, என்ன கருணை! சங்கம் தலையாட்டியது. சங்கத்தாரிடமும் கார்கள் இருந்தன.

ஆனால் அனுமதியில்லாமல் வெட்டக்கூடாதாம். பார்த்து முடிவுசொல்ல மாநகரசபையிலிருந்து இப்றாஹிம் என்ற உத்தியோகத்தர் வந்தார். சித்திரை மாதத்து உச்சிவெயில். தார் றோட்டில் செருப்பு ஒட்டியது. தலைவரும் சங்கத்தாரும் அவரை வரவேற்கத் திரண்டு நின்றார்கள். எங்கே? நாவல் மரத்துக்குக் கீழே, ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு.

"எது சேர் வெட்டச் சொன்ன மரம்?"

"இதுதான்," என்று சிவக்கொழுந்தர் விரலை மேலே காட்டினார்.

"அப்ப எல்லாரும் இங்கால றோட்டுக்கு வந்து காட்டுங்க. எந்தக் கொப்பு, எந்தப் பீலிண்டு பார்க்கணும்."

ஒருவரும் அசையவில்லை. தலைவர் ஒரு காலை வெயிலில் வைத்தார். சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"இங்க நிண்டே காட்டுறனே, தம்பி."

"வெட்டின பிறகு எங்க நிண்டு காட்டுவீங்கள், அங்கிள்?" பிள்ளையைத் தோளில் போட்டபடி ஜன்னலிலிருந்து றேணுகா கேட்டாள்.

இப்றாஹிமுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மரம் நிக்கட்டும் சேர். பீலியக் கூட்டுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். "சரி, மழைக்காலத்தில பாப்பம்," என்றார் சிவக்கொழுந்தர், அப்போதும் நிழலை விட்டு நகராமல். மேலே குழந்தை நித்திரையாகிவிட்டது.

நீங்கள் அந்த இனமில்லை, எனக்குத் தெரியும். மரம் நடவேண்டும் என்றபோது முதல் ஆளாகக் கை உயர்த்தியவர் அல்லவா? எங்கே நடுவது என்று கேட்டதும் அந்தக் கை எதிர்வீட்டு வாசலைத்தானே காட்டியது?